ஃபூத்தா கேட்டவருக்குத் துண்டு போன கதை

முகல்லாவிலிருந்து வந்த குரல் பதிவு அரை நிமிடம்கூட இல்லை. முகல்லா ஏமனின் ஹளரமவுத் கரையில் உள்ள துறைமுகம். பேசியவர் அங்கே துணிக்கடை வைத்திருப்பவர். நல்ல இந்தியப் பருத்தியில் ஃபூத்தா வேண்டும், கோடு போட்டதாக இருக்கட்டும், சாயம் விடக் கூடாது, முதலில் மாதிரிக்கு 2 டஜன் அனுப்புங்கள், பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று அரபியில் சொல்லியிருந்தார். ஈரோட்டில் ஏற்றுமதி செய்யும் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, என்ன கேட்கிறார் என்று தமிழில் எழுதித் தரச் சொன்னார். நானும் எழுதிக் கொடுத்தேன்: "பருத்தித் துண்டு, கோடு போட்டது, 24 எண்ணம்."

மூன்று வாரம் கழித்து முகல்லாவிலிருந்து ஒரு படம் வந்தது. கடை மேசையில் நம்முடைய தேங்காய்ப்பூத் துண்டு விரித்துக் கிடக்கிறது. நீலக் கோடு, தடித்த நூல், பஞ்சு மெத்தை மாதிரி பூ எழும்பிய பரப்பு. கீழே ஒரே வரி: "யா அகீ (தம்பி), இதை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் எப்படிப் பள்ளிவாசலுக்குப் போவது?"

அடுத்த நிமிடம் ஈரோட்டுக்காரர் கூப்பிட்டார். "என்னங்க பாய் இது, துண்டுன்னு தானுங்க எழுதிக் குடுத்தீங்க?" ஆமாம், அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் கேட்டதோ கைலி.

பண இழப்பு பெரிதில்லை. கூரியர் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அனுப்பியது போக மிச்சமிருந்த ஒரு டஜன் துண்டையும் அவர் என் தலையிலேயே கட்டினார். ஆனால் எனக்கு உறுத்தல் போகவில்லை. அரபி தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் விட்டுவிடலாம். இது அரபி தெரிந்ததால் செய்த தப்பு. அதனால்தான் ஒரு சொல்லை மட்டும் எடுத்து, அது எங்கே எப்போது எதைக் குறித்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெய்ராவில் படித்த அரபி

நான் அரபி பேசக் கற்றது துபாய் தெய்ராவில், ஒரு துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால். அங்கே ஃபூத்தா என்று கேட்டு வந்தால் குளித்துத் துடைக்கும் துண்டை எடுத்துப் போடுவோம். இடுப்பில் கட்டும் துணிக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்வது விஸார். நீண்ட வெள்ளை அங்கிக்கு உள்ளே கட்டுவதும் வீட்டில் சும்மா இருக்கும்போது கட்டுவதும் அதுதான். இஸார் என்ற பழைய அரபுச் சொல்லின் வளைகுடா வழக்கு அது. ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்கு இஸார் தெரியும், இஹ்ராமின் இரண்டு வெள்ளைத் துணிகளில் இடுப்புத் துணி. ஆக, கைலிக்கு விஸார், துண்டுக்கு ஃபூத்தா என்று என் தலைக்குள் இரண்டு பெட்டி இருந்தது. முகல்லாக்காரர் சொன்னதும் கை தானாகவே இரண்டாவது பெட்டிக்குப் போனது. சந்தேகத்துக்குக் கைப்பேசியில் அகராதிச் செயலியையும் தட்டிப் பார்த்தேன். அதுவும் துண்டு என்றே சொன்னது. நவீன அகராதிகளுக்கு எகிப்துதான் அரபு உலகம் என்ற நினைப்பு. ஏமனைக் கேட்பதில்லை.

ஊர் ஊராகப் போனால் இந்தச் சொல்லின் கோலம் விசித்திரமாக இருக்கிறது. ஏமனில் ஆண்கள் இடுப்பில் சுற்றும் துணி ஃபூத்தா. அங்கே மஅவஸ் என்றும் சொல்வார்கள். எகிப்தில் அது முகம் துடைக்கும் துண்டு, சாப்பாட்டு மேசையில் மடியில் போடும் கைத்துணி, தூசி தட்டும் துணியும்கூட. வீடு துடைக்கும் மஞ்சள் துணிக்கு அங்கே மஞ்சள் ஃபூத்தா என்றே பெயர். ஈராக்கில் நேர் எதிராக, பெண்கள் தலையில் சுற்றும் துணி. அங்கே போய்த் துண்டு வேண்டும் என்று ஃபூத்தா கேட்டால் எதிரே நிற்பவர் யோசிப்பார், ஏனென்றால் ஈராக்கில் துண்டு என்பது காவ்லி. துனிசியாவில் குளியல் கூடத்துக்கு எடுத்துப் போகும் தட்டை நெசவுத் துணி ஃபூத்தா. நம்ம ஊர் ஈரிழைத் துண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். இப்போது கடற்கரைத் துண்டாக ஐரோப்பியக் கடைகளிலெல்லாம் தொங்குவது அதுதான். இது போதாதென்று, அரபு நாட்டு மருந்துக் கடைகளில் பெண்களின் மாதவிடாய் அணையாடைப் பொட்டலத்தின்மேல் ஃபுவத் ஸிஹ்ஹிய்யா என்று எழுதியிருக்கும். ஃபுவத் என்பது ஃபூத்தாவின் பன்மை.

தலை, இடுப்பு, முகம், முழங்கால். உடம்பில் இந்தச் சொல் போகாத இடமில்லை. அத்தனைக்கும் மூலம் ஒரே துணி, அதுவும் இந்தியத் துணி.

கூஃபாவில் ஒட்டகக்காரர்கள்

இந்தச் சொல்லைப் பற்றிய நல்ல சாட்சியங்களில் ஒன்று ஓர் அகராதிக்காரர் தந்தது. பெயர் அபூ மன்சூர் அல்-அஸ்ஹரி. இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்தவர், 980-இல் இறந்தார். இவர் அரபி கற்ற விதமே ஒரு கதை. ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் கர்மதியர்கள் என்ற கிளர்ச்சிக் கூட்டத்தார் பயணக் கூட்டத்தை மறித்துப் பிடித்ததில், பாலைவன பதூயின்களோடு பல காலம் வாழ வேண்டியதாயிற்று. புத்தகத்தில் இல்லாத அரபியை அங்கேதான் காதால் கேட்டுக் கற்றார். சொல்லின் தூய்மை விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

அந்த மனிதர் ஃபூத்தாவைப் பற்றி எழுதியதன் சாரம் இது: அரபிகளின் பேச்சில் இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. ஈராக்கின் கூஃபாவில் கோடு போட்ட இடுப்புத் துணிகளைப் பார்த்தேன். ஒட்டகக்காரர்களும் வேலையாட்களும் வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒன்றைத்தான் ஃபூத்தா என்கிறார்கள். இது அரபிச் சொல்லா இல்லையா, எனக்குத் தெரியாது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடு போட்ட துணி, இடுப்பில் கட்டுவது, வாங்குகிறவர் சரக்கு ஏற்றிச் செல்லும் ஒட்டகக்காரர். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து நாமக்கல் லாரி ஓட்டுநர் கட்டியிருப்பதும் அதேதான். முகல்லாக்காரர் "கோடு போட்டது" என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அஸ்ஹரிக்குப் பின்வந்த அகராதிக்காரர்கள் தயங்கவில்லை. ஃபூத்தா என்பது சிந்து நாட்டிலிருந்து கொண்டுவரப்படும் குட்டையான, முரட்டுத் துணி, இடுப்பில் கட்டுவது என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் சொல்லும் மூன்று அடையாளங்களையும் பாருங்கள்: எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நீளம், எங்கே கட்டுவது. எப்படி நெய்தது, எத்தனை நூல், என்ன சாயம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நெசவாளிக்குத் துணி என்பது பாவும் ஊடையும். துறைமுகத்தில் நின்று வாங்குகிறவனுக்கு அது கப்பல் வந்த ஊரும் கட்டப்போகும் இடமும்தான். அரபிச் சொல் வாங்குகிறவனின் சொல். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

குதிரை போன வழியில் பருத்தி

14-ஆம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூத்தா தோஃபாருக்குப் போகிறார். இன்றைய ஓமானின் தென்கோடி, சலாலா இருக்கும் பக்கம். இந்தியாவுக்குக் குதிரை ஏற்றும் துறை அது. அந்த ஊர் மக்களின் உடையைப் பற்றி அவர் சொல்வது: அவர்கள் உடுத்துவது பருத்தி, அது இந்தியாவிலிருந்து வருகிறது. கால்சட்டைக்குப் பதிலாக இடுப்பில் ஃபூத்தா கட்டுகிறார்கள். வெயில் கொடுமையால் பெரும்பாலோர் ஒரு ஃபூத்தாவை இடுப்பில் கட்டி இன்னொன்றை முதுகின்மேல் போட்டுக்கொள்கிறார்கள். நாளில் பல முறை குளிக்கிறார்கள்.

கடைசி இரண்டு வரிகளை இன்னொரு முறை படியுங்கள். ஒரே துணி, ஒன்று இடுப்பில், ஒன்று தோளில். நாளுக்கு நாலு குளியல். குளித்து எழுந்தவன் தோளில் கிடப்பதை எடுத்துத் துடைக்காமல் வேறு எதைக்கொண்டு துடைப்பான்? தோஃபார்க்காரர்கள் அதில் துடைத்தார்கள் என்று இப்னு பத்தூத்தா எழுதவில்லை, இது என் ஊகம். ஆனால் நம் ஊர் ஆற்றங்கரையில் நிற்கிற எந்த மனிதரையும் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த ஊகம் சிரமமாக இருக்காது. இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு. சமயத்தில் துண்டே இடுப்புக்கு வரும், வேட்டி கொடியில் காயும்.

அவர் போன இடமெல்லாம் இந்தச் சொல் கூடவே போகிறது. சோமாலியாவின் மொகதிஷுவில் அவருக்கு உடுத்தக் கொடுத்தவற்றில் பட்டு ஃபூத்தா ஒன்று இருந்தது. கால்சட்டை என்பதே அவர்களுக்குத் தெரியாது என்று குறித்திருக்கிறார். மாலத்தீவு மக்கள் இடுப்பில் சுற்றியிருந்ததும் அவர் கண்ணுக்கு ஃபூத்தாதான், அந்த ஊர்ப் பெயர் வேறாக இருந்தும். சிந்துவின் முரட்டுப் பருத்தியாக இருந்த சொல் இதற்குள் ஒரு வடிவத்தின் பெயராகிவிட்டது. தைக்காத நீள்சதுரத் துணி, இடுப்பில் சுற்றினால் ஃபூத்தா. பட்டாக இருந்தாலும் சரி, பருத்தியாக இருந்தாலும் சரி.

அதற்கு இருநூறு ஆண்டு முன்பே அது கடிதங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் ஒரு யூத வழிபாட்டுக் கூடத்தின் அறையில் குவிந்துகிடந்த தாள்களில், 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இந்திய வணிகம் செய்தவர்களின் கடிதங்களும் இருந்தன. அரபு மொழி, எபிரேய எழுத்து. அவற்றை எழுதியவர்களில் ஆபிரகாம் பென் யிஜூ என்ற வணிகர் முக்கியமானவர். துனிசியாவிலிருந்து வந்து 1132 முதல் 1149 வரை மங்களூரில் வாழ்ந்து, வெண்கலப் பட்டறை நடத்தி, ஏடன் வியாபாரிகளோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். இந்தக் கடிதங்களில் மிளகும் இரும்பும் வருகிற அதே வரிசையில் ஃபூத்தாவும் வருகிறது, சில சமயம் சரக்காக, சில சமயம் வீட்டாருக்கான அன்பளிப்பாக. நம்மவர்கள் விடுமுறையில் வரும்போது பெட்டியில் கைலி எடுத்து வருவது போலத்தான், திசை மட்டும் எதிர்.

துணியே கண்ணுக்குக் கிடைத்த இடங்களும் உண்டு. ஃபுஸ்தாத் இடிபாடுகளில் கிடைத்த இந்தியப் பருத்தித் துணிக் கிழிசல்கள் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலும் குஜராத் பக்கத்து அச்சுத் துணிகள், அவுரி நீலமும் சிவப்பும். எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள பழைய துறைமுகமான குஸைர் அல்-கதீமிலும் இதே மாதிரித் துணிகள் தோண்டி எடுக்கப்பட்டன. ஒரு சின்ன விலகல்: ரோமானியர் காலத்திலும் அந்தத் துறைமுகம் இருந்தது, அந்த அடுக்கிலிருந்து கிடைத்த பானை ஓடொன்றில் தமிழ் பிராமி எழுத்தில் "பானை ஒறி" என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறிக்கு அங்கேயும் வேலை இருந்திருக்கிறது.

மஹல்லாவில் மாறிய அர்த்தம்

இடுப்புத் துணி எப்போது துடைக்கும் துணியானது? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல தடயம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைத் தந்தவரும் ஓர் இந்தியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. முர்தளா அல்-ஸபீதி 1732-இல் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பில்கிராமில் பிறந்தார். ஏமனின் ஸபீத் நகரில் படித்தார், பெயரில் ஸபீதி ஒட்டிக்கொண்டது அதனால்தான். பிறகு கெய்ரோவில் குடியேறி, அரபு அகராதிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான தாஜுல் அரூஸை எழுதி, 1791-இல் இறந்தார். ஃபூத்தா பிறந்த நாடு, அதைக் கட்டும் நாடு, அதில் கை துடைக்கும் நாடு, மூன்றிலும் வாழ்ந்த ஒரே அகராதிக்காரர் இவராகத்தான் இருப்பார்.

முன்னோர் சொன்ன சிந்து விவரத்தைத் தந்துவிட்டு, அவர் தன் காலத்து வழக்கையும் சேர்க்கிறார். எகிப்தின் மஹல்லா அல்-குப்ராவில் நெய்யப்படும் குட்டையான கைத்துணிகளுக்கும் ஃபூத்தா என்று பெயர், ஓரங்களில் கோடு இருக்கும், சாப்பிடும்போது உடை அழுக்காகாமல் முழங்காலின்மேல் போட்டுக்கொள்வார்கள் என்கிறார். இன்றைக்கும் எகிப்தின் பெரிய ஜவுளி ஊர் அந்த மஹல்லாதான், நம் ஈரோடு, கரூர் மாதிரி.

ஓரக் கோட்டைக் கவனியுங்கள். கூஃபாவில் ஒட்டகக்காரன் கட்டியதிலும் கோடு இருந்தது. துணி குட்டையாகி, நாடு மாறி, நெய்கிறவன் இந்தியனிலிருந்து எகிப்தியனாக மாறி, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியும் கோடு மட்டும் நிலைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், பெயர் மாறாமல் தொடர்ந்ததற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். பார்த்தால் அதே துணி மாதிரித்தானே இருக்கிறது.

இங்கே தமிழையும் ஒரு நிமிடம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் என் தப்பில் தமிழுக்கும் பங்கு உண்டு. துண்டு என்றால் என்ன? வெட்டி எடுத்த ஒரு பகுதி, அவ்வளவுதான். துணி என்ற சொல்லும் துணித்தல், அதாவது வெட்டுதல். சங்க காலத்தில் துணிக்கு அறுவை என்றே ஒரு பெயர், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று துணி வணிகப் புலவர் ஒருவரே இருந்தார். அரபியிலும் இதே சங்கதி. துணியை எண்ணும்போது அவர்கள் சொல்லும் மக்தஅ வெட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஷுக்கா என்பது பிளத்தல், கிழித்தல். அதே வேரிலிருந்து பிறந்த ஷக்காதான் வளைகுடாவில் நாம் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீடு, கட்டடத்தில் ஒரு துண்டு. தறியிலிருந்து இறக்கி அறுத்தால் அது முழுமையான பொருள். தையல் இல்லை, பொத்தான் இல்லை, இது தலைக்கு இது காலுக்கு என்று துணியே சொல்வதில்லை. உடுத்துகிறவர்தான் சொல்கிறார். தைத்த சட்டையின் பெயர் இப்படி உடம்பெங்கும் அலையாது.

இதே கிறுக்கு வேறு பெயர்களிலும்

ஃபூத்தா மட்டும்தான் இப்படியா என்று பார்த்தேன். இல்லை.

ஷாஷ் என்பது தலைப்பாகைக்கான மெல்லிய பருத்தித் துணி. இடுப்பில் கட்டும் ஸாஷ் என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்துதான் போனது, தலையிலிருந்து இடுப்புக்கு. அரபியில் இன்று ஷாஷ் என்றால் காயத்துக்குக் கட்டும் மருந்துத் துணி. அதிலிருந்து ஷாஷா, திரை. சினிமாத் திரை, டிவித் திரை, கைப்பேசித் திரை எல்லாம் ஷாஷா. வளைகுடாவில் கைப்பேசி கீழே விழுந்து உடைந்த அனுபவம் உள்ளவர்கள் கடைக்காரரிடம் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். தலைப்பாகைத் துணிக்குத்தான் விலை பேசினோம் என்று யாருக்குத் தோன்றும்?

மஸ்லினின் கதை ஊருக்கே தெரிந்தது, ஆனால் அதில் ஒரு கோணல் இருக்கிறது. பெயர் ஈராக்கின் மௌஸில் நகரிலிருந்து வந்தது. மார்க்கோ போலோ மௌஸிலின் பெயரால் சொன்ன துணியோ பட்டும் பொன்னிழையும். பின்னாளில் ஐரோப்பியர் அந்தப் பெயரை வங்காளத்து மெல்லிய பருத்திக்கு வைத்தார்கள். அரபிகளுக்கு அந்த வங்கத் துணி நன்றாகவே தெரியும். 851-இல் எழுதப்பட்ட ஓர் அரபுக் கடற்பயண நூல், ருஹ்மி என்ற நாட்டில், அதாவது வங்காளப் பக்கம், மோதிர வளையத்துக்குள் நுழைத்து எடுக்கும் அளவுக்கு மெல்லிய பருத்தித் துணி இருப்பதாகவும், தாங்களே அதைப் பார்த்ததாகவும் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் துணிக்குப் பெயரே தரவில்லை. ஒட்டகக்காரனின் முரட்டுத் துணிக்கு ஒரு பெயர் நிலைத்தது. அரசர் வீட்டுத் துணிக்கு மோதிரச் சோதனைதான் பெயர். இன்றைய அரபியில் அதை மூஸ்லீன் என்கிறார்கள். தங்கள் ஊர்ப் பெயரையே ஐரோப்பாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மஷ்ரூவை நெசவுக்காரர்கள் மசுரு என்பார்கள். குஜராத்தின் பாட்டனிலும் மாண்டவியிலும் நெய்தார்கள், தஞ்சைப் பக்கமும் ஒரு காலத்தில் தறி ஓடியது. பாவு பட்டு, ஊடை பருத்தி. மேலே பார்த்தால் பட்டு மின்னும், உள்ளே உடம்பில் படுவது பருத்தி. இஸ்லாமிய ஆண்களுக்குப் பட்டு விலக்கு என்பதால், சட்டத்தை மீறாமல் பட்டுப் பளபளப்பை அனுபவிக்க ஒரு வழி. மஷ்ரூ என்றால் மார்க்கச் சட்டம் அனுமதித்தது என்று பொருள். துணியின் பெயரில் நூலும் இல்லை, ஊரும் இல்லை, ஒரு தீர்ப்பு இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த துணிப் பெயர் இதுதான்.

சில பெயர்கள் மட்டும் நேர்மையாகப் பயணம் செய்திருக்கின்றன. இந்தியில் சீண்ட் என்ற அச்சுத் துணி ஈராக்கில் சீத், சிரியாவில் ஷீத், ஆங்கிலத்தில் சின்ட்ஸ், தமிழில் சீட்டி. சீட்டிப் பாவாடை கட்டிய பாட்டியும் பாக்தாத் கடைத்தெருவில் சீத் வாங்கிய பாட்டியும் ஒரே துணியை ஒரே பெயரில் கேட்டிருக்கிறார்கள். கார்பாஸ என்ற சமஸ்கிருதப் பருத்தி பாரசீகத்தில் கர்பாஸ் ஆகி, அரபியில் கிர்பாஸ் ஆனது, முரட்டுப் பருத்தித் துணி. அதை விற்றவர் கராபீஸி. 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் அந்தப் பெயரில் ஒரு மார்க்க அறிஞரே இருந்தார். முகம்மது பின் துக்ளக் சீனப் பேரரசருக்கு அனுப்பிய பரிசுகளில் 100 பைரமித் துணிகள் இருந்ததை இப்னு பத்தூத்தா எழுதியிருக்கிறார். பருத்திதான், ஆனால் அழகில் இணையில்லாதது, ஒன்று 100 தினார் விலை. அந்தப் பெயரைப் போர்த்துகீசியரும் எடுத்துக்கொண்டார்கள், பிறகு துணியோடு பெயரும் போயிற்று.

பருத்திக்கே அரபியில் குத்ன். அது ஸ்பெயினுக்குப் போய் அல்கொதோன், பிரான்சில் கொத்தோன், இங்கிலாந்தில் காட்டன். ஈரோட்டில் ஜவுளிக்கடை வாசலில் "சுத்தமான காட்டன் புடவை" என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பலகையில் இருப்பது அரபிச் சொல். பருத்தி விளைந்த ஊரில் பருத்திக்கு இரண்டு கடல் சுற்றி வந்த பெயர்.

பிறகு என்ன செய்தோம்

முகல்லாக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்த முறை சொல்லை நம்பாமல் கேள்வி கேட்டேன். உடம்பில் எங்கே கட்டுவது? நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? மூட்டியதா, மூட்டாததா? கோடு எங்கே வர வேண்டும், உடலிலா, ஓரத்திலா? அவர் பதிலாக எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. கடை வாசலில் நின்று தான் கட்டியிருப்பதைப் படமெடுத்து அனுப்பினார். முழங்காலுக்குக் கீழே இறங்கிய துணி, இரு ஓரத்திலும் அகலமான கோடு, நடுவில் மெல்லிய கட்டம். இந்தோனேசியாவிலிருந்து வந்தது, பருத்தி கொஞ்சம் முரடு, அதனால்தான் இந்தியச் சரக்கு கேட்கிறேன் என்றார்.

ஈரோட்டுக்காரர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இத்தன பாடுங்களா பாய், கைலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது" என்றார். நியாயம்தான். குறிஞ்சிப்பாடியிலிருந்து 60-ஆம் நம்பர் நூலில் 2 மீட்டர் கைத்தறிக் கைலி வரவழைத்து, ஓரக் கோட்டை மட்டும் கூட்டச் சொல்லி 2 டஜன் அனுப்பினார். பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டை நான்தான் எழுதினேன். அரபியில் ஃபூத்தா என்று எழுதி, பக்கத்தில் ஓர் இடுப்பின் கோட்டுப் படமும் வரையச் சொன்னேன். துபாய் வழியாகப் போகிற சரக்கு என்பதால் கீழே சின்ன எழுத்தில் விஸார் என்றும் சேர்த்தேன். இல்லாவிட்டால் தெய்ராவில் யாராவது என்னை மாதிரி ஒருவர் அதைத் துண்டு அடுக்கில் வைத்துவிடுவார்.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் வந்த குரல் பதிவு 8 விநாடி. நிறம் பிடித்திருக்கிறது, கஞ்சி அதிகம், அடுத்த முறை கஞ்சி குறைவாக, 20 டஜன்.

என் தலையில் கட்டப்பட்ட அந்த ஒரு டஜன் தேங்காய்ப்பூத் துண்டு காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கொடியில் தொங்குகிறது. உம்மா அதைத் துண்டு என்று சொல்வதில்லை, துவாலை என்கிறார். அது போர்த்துகீசியச் சொல்.